ஊரார் அறிவும் உயிரினப் பாதுகாப்பும்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் அவர்களை ஆக்ராவுக்கு அழைத்துச் செல்வது ஏறக்குறைய ஒரு கடமையாகவே ஆகிவிட்டது. தாஜ்மகாலைக் கண்டு களித்த பின்னர், உடன் பிள்ளைகள் இருந்தால், மேற்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பரத்பூருக்கும் போய், அங்குள்ள பறவைப் புகலிடத்தைப் பார்த்து வருவதுண்டு. அங்கே நம்மை ஏற்றிச் செல்லும் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் போகிற போக்கில் சட்டென்று வண்டியை நிறுத்துவார். நமக்கு வெறும் மரப்பட்டையாகத் தோன்றும் ஓர் இடத்தைச் சுட்டுவார். உற்று நோக்கினால் அங்கே ஆந்தை ஒன்று கண்மூடி அமர்ந்திருக்கும். அதன் பெயரை இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்லி, அது எந்தப் பருவத்தில் முட்டையிடும், எதைத் தின்னும் என்பதையும் விவரிப்பார். கல்லூரியின் வாசற்படியை மிதிக்காதவர்கள் இத்துணை அறிந்திருக்கின்றனரே என்று நாம் வியப்போம்.

வியப்பதோடு நின்றுவிடாமல் ஒரு கேள்வியையும் எழுப்பிப் பார்க்கலாம். தம்மைச் சூழ்ந்துள்ள நீரையும் நிலத்தையும் உயிரினங்களையும் நன்கறிந்தவர்கள் அவற்றைக் காக்கவும் முன்வருகிறார்களா? அறியாமையே அழிவுக்குக் காரணம். ஆகவே மக்களுக்கு அறிவூட்டினால் காடும் ஏரியும் பிழைத்துவிடும் என்பது படித்தவர்களிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. இந்நம்பிக்கையின் மீதுதான் எத்தனையோ அறிவிப்புப் பலகைகளும் வார விழாக்களும் ஊர்வலங்களும் எழுந்துள்ளன. இது எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பரத்பூரிலேயே தொடங்கி ஆராய்வோம்.

இப்புகலிடத்தின் பெயர் கேவலாதேவ். காட்டின் நடுவே கோயில் கொண்டுள்ள சிவபெருமானின் திருப்பெயர் அது. சுற்றுப்புற மக்களோ இதைக் ‘கனா’ என்பார்கள். தமிழில் இவ்வாறு எழுதினால் கனவு என்று பொருள்பட்டுவிடும். அவர்கள் குறிப்பது நம்முடைய ‘கனம்’ என்னும் சொல்லுக்கு மூலமான வடசொல்லையே. அடர்ந்த காடு என்பது கருத்து. சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தாழ்நிலம். அருகே 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அஜான் அணையிலிருந்து நீரைக் கொணர்ந்து, கரைகளும் மதகுகளும் அமைத்து, பரத்பூர் மன்னர்கள் இதனை வாத்து வேட்டைக்குரிய களமாக ஆக்கினார்கள். 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபுவுக்காக நடைபெற்ற வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. இத்தகைய வேட்டைகளின் கணக்கைப் பெருமையுடன் கல்லில் பொறித்து அங்கேயே நாட்டியிருக்கிறார்கள். 1956-இல் இவ்விடம் பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. எனினும் மன்னர் குடும்பத்தின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. 1981-இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும், 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் இது இடம் பெற்றது.

மன்னர் சுட்ட காலத்திலும் சரி, அரசாங்கம் காத்த காலத்திலும் சரி, சுற்றியுள்ள கிராமங்களின் எருமைகளும் மாடுகளும் அந்த நீரிலும் புல்லிலும் மேய்ந்துகொண்டிருந்தன. ஊரார் விறகு பொறுக்கினார்கள், வெட்டிவேர் தோண்டினார்கள். தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டபோது சட்டப்படி இவை அனைத்தும் தடைப்பட்டன. சுற்றிலும் ஆளுயரக் கற்சுவர் எழுந்தது. 1982-ஆம் ஆண்டு இறுதியில், மேய்ச்சலை முற்றிலும் விலக்கிய ஆணையை எதிர்த்துத் திரண்ட கிராம மக்களுக்கும் காவல் துறையினருக்கும் மோதல் ஏற்பட்டு, துப்பாக்கிப் பிரயோகத்தில் சிலர் உயிரிழந்தனர். பறவைகளைச் சுடுவதை நிறுத்திய சுமார் பத்தாண்டுகளில் அதே இடத்தில் இவ்வாறு நேர்ந்தது.

ஆணை பிறப்பித்தவர்களைக் கொடியவர்கள் என்று கொள்வது நியாயமாகாது. கால்நடை மேய்ச்சலால் பல காடுகள் கட்டாந்தரையானதை நாடு கண்டிருந்தது. பறவையியல் மேதை சலீம் அலி அவர்களே மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்ற கருத்துடையவராக இருந்தார். ஆனால், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தினர் டாக்டர் வி. எஸ். விஜயன் தலைமையில் 1980 முதல் பத்தாண்டுக் காலம் அங்கே தங்கி ஆராய்ந்து கண்ட முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. எருமைகள் நீரில் இறங்கி மேய்ந்த வரையில் பாஸ்பாலம் என்னும் நீர்ப்புல் ஓர் அளவுக்குள் அடங்கியிருந்தது. எருமைகள் வெளியேற்றப்பட்டதும் அப்புல் மண்டிப் பெருகி, திறந்த நீர்ப்பரப்பை மூடலாயிற்று. நீந்தி இரை தேடும் வாத்துகளுக்கு இடம் குறுகியது. மீன் வளம் குன்றியது. மீனை நம்பிய பறவைகளுக்கும் முட்டுப்பாடு வந்தது. பறவைகளின் நலத்துக்காக விரட்டப்பட்ட எருமைதான் பறவைகளின் வாழ்விடத்தைச் செம்மையாக வைத்திருந்தது என்பது ஆய்வின் சாரம். பின்னர், ஊரார் உள்ளே வந்து புல்லை அறுத்துத் தலைச்சுமையாக எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டனர். கழுத்தளவு நீரில் நின்று மேயும் எருமையின் வேலையை அரிவாள் முழுவதும் செய்துவிட இயலாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சைபீரியக் கொக்கைப் பற்றியும் இங்கே ஒரு சொல் கூறலாம். 1960-களின் நடுவில் சுமார் 200 கொக்குகள் குளிர்காலத்தில் இங்கு வந்து தங்கின. எண்ணிக்கை படிப்படியாகத் தேய்ந்து, 2002-க்குப் பின் ஒன்றுகூட வரவில்லை. அவை வரும் நெடுவழியில் வேட்டையாடப்பட்டது முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. சுற்றூர் மக்கள் சிலர் ஆய்வாளர்களிடம் வேறொரு காரணமும் சொன்னார்கள். வெட்டிவேருக்காகத் தாங்கள் மண்ணைக் கிளறிய வரையில் அது இளகியிருந்தது. கொக்குகள் எளிதாகக் கிழங்கைத் தோண்டித் தின்றன. தோண்டுவது தடுக்கப்பட்டதும் மண் இறுகிவிட்டது என்றார்கள். இக்கூற்று மெய்ப்பிக்கப்பட்டதன்று. ஆயினும், கொக்கு எதைத் தின்கிறது, எந்த மண்ணில் அதன் அலகு இறங்கும் என்பதையெல்லாம் அன்றாடம் கவனித்த ஒருவர்க்கே இப்படிப்பட்ட ஊகம் தோன்றும். சோதித்துப் பார்க்கத் தக்க ஊகம் என்பதே நம் அபிப்பிராயம்.

இத்தகைய அறிவு ஏன் சபையேறவில்லை? மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு பங்கு விடை தெரியும். மக்களின் சுற்றுச்சூழல் அறிவையும் பாதுகாப்பு மனப்பான்மையையும் அளப்பதற்கு வினாத்தாள்கள் தயாராகின்றன. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்து, பின்னர் நாட்டு மொழிகளில் பெயர்க்கப்படுகின்றன. ‘பல்லுயிர்ப் பெருக்கம் என்பது யாது?’, ‘ஈரநிலங்களைப் பேண வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்று கேட்கிறோம். தமிழில் நாம் ஆக்கிய சொல்லும், இந்தியில் ஆக்கப்பட்ட ‘ஜைவ விவிததா’வும் மேய்ப்பர் ஒருவருக்கு ஒரே அளவு அந்நியமானவை. அவர் விழிப்பார், தாளில் ‘தெரியாது’ என்று குறிக்கப்படும். அதே மனிதரிடம், ‘எருமை எந்தப் புல்லை முதலில் கடிக்கும், எதை ஒதுக்கும்?’ என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். அந்த வினா தாளில் இல்லை. இவ்வாறு அறிவுடையோர் அறிவிலிகள் என்று கணக்கில் ஏறிவிடுகின்றனர். அடுத்து அவர்களுக்கு ‘விழிப்புணர்வு’ ஊட்டும் திட்டம் வருகிறது. மேய்ச்சல் நிலத்தை இழந்தவரிடம் போய், ‘பூங்கா வேண்டுமா?’ என்று கேட்டால் அவர் தரும் விடையில் அறிவின் குறை எங்கேயிருக்கிறது? இழப்பின் வலியைத்தான் நாம் மனப்பான்மை என்று அளந்து வருகிறோம்.

ஊராரின் அறிவு எப்போதும் காப்பாகவே முடியும் என்று எதிர்த்திசையில் ஓடிவிடுவதும் தவறு. நாகாலாந்தில் வோக்கா மாவட்டத்துப் பாங்தி கிராமம் இதற்குச் சான்று. அங்கே தோயாங் ஆற்றின் குறுக்கே 75 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்காக அணை எழுந்து, 2000-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. லோத்தா நாகர்களின் விளைநிலங்கள் நீருக்குள் மறைந்தன. உழவர்களில் பலர் மீன் பிடிக்கலானார்கள். நீர்த்தேக்கத்தின் அருகே, ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், அமூர் வல்லூறுகள் பெருந்திரளாக வந்து அடையத் தொடங்கின. சைபீரியாவின் கீழ்ப்பகுதியிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரித்து, தென்னாப்பிரிக்கப் பகுதிக்குச் செல்லும் பறவை இது. எடை சுமார் 150 கிராம்தான்.

மீனவர்கள் அப்பறவைகளைக் கூர்ந்து கவனித்தார்கள். எந்த மரங்களில் அடைகின்றன, மாலையில் எவ்வழியே தாழப் பறந்து வருகின்றன, விடியலில் எப்போது எழுகின்றன என்பதையெல்லாம் துல்லியமாக அறிந்துகொண்டார்கள். அறிந்த பின், மீன் வலைகளையே வானில் உயரக் கட்டினார்கள். 2012-ஆம் ஆண்டில் அங்கு சென்று கண்டவர்கள், உச்ச காலத்தில் நாள் ஒன்றுக்கு 12,000 முதல் 14,000 வரை வல்லூறுகள் பிடிபட்டிருக்கலாம் என மதிப்பிட்டனர். உயிருடனும் வாட்டிய இறைச்சியாகவும் அவை விற்கப்பட்டன. இக்காட்சிகள் வெளியானதும் உலகமே பதறியது. கவனித்தல் வேண்டியது யாதெனில், இத்தனை பறவைகளையும் பிடிக்க உதவியது அறியாமை அன்று, நுணுக்கமான அறிவே. அவர்கள் அறியாத செய்தி ஒன்றும் இருந்தது. அப்பறவை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, இந்தச் சில வாரத் தங்கலில்தான் அதன் கூட்டத்தில் பெரும்பகுதி ஓரிடத்தில் கூடுகிறது என்பவை பாங்தியில் நின்று பார்த்தால் தெரியக்கூடியவை அல்ல.

பானோ ஹராலு என்னும் நாகப் பத்திரிகையாளரும் மற்றவர்களும், வனத்துறையும், திருச்சபையாரும் ஊர்ச்சபையோடு அமர்ந்து பேசினார்கள். வெளியார் வந்து ஆணையிட்டதாக ஆகாமல் ஊர்ச்சபையே தடையை விதித்தது. மறு ஆண்டாகிய 2013-இல் வலை கட்டப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில் மூன்று வல்லூறுகளின் முதுகில் சிறு கருவிகள் பொருத்தப்பட்டன. அவற்றுக்கு நாகா, வோக்கா, பாங்தி என்று பெயரிட்டார்கள். தம் ஊரின் பெயரைத் தாங்கிய பறவை அரபிக் கடலை இடைவிடாது கடந்து ஆப்பிரிக்காவை அடைந்த செய்தி வந்தபோது, பாங்தி மக்களின் பழைய அறிவோடு புதிய அறிவு ஒன்று வந்து சேர்ந்தது எனலாம். ஆயினும் நிலம் இழந்தவர்களுக்குப் பறவை விற்ற பணமும் போயிற்று. பறவை பார்க்க வருவோரால் கிட்டும் வருவாயோ ஆண்டில் சில வாரங்களுக்குத்தான். இக்கணக்கை மறந்துவிட்டு அவ்வூராரை வாயாரப் புகழ்வது நமக்கு எளிது.

அஸ்ஸாமில் நடந்தது இன்னும் சுவையானது. குவாஹாத்தியின் அருகே காமரூப் மாவட்டத்தில் தாதரா, பசாரியா, சிங்கிமாரி என்னும் கிராமங்கள் உள்ளன. அங்கே வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் உயர்ந்த கதம்ப மரங்களில் ஹர்கிலா என்னும் பெருநாரை கூடு கட்டும். ‘ஹர்’ என்றால் எலும்பு, ‘கிலா’ என்றால் விழுங்குதல்; ஆகவே ‘எலும்பு விழுங்கி’ என்பது பெயரின் பொருள். ஏறக்குறைய ஐந்தடி உயரம், வழுக்கைத் தலை, தொங்கும் பை. பிணத்தையும் குப்பையையும் தின்னும். கூட்டிலிருந்து அழுகிய இறைச்சியும் எச்சமும் முற்றத்தில் விழும். இதையெல்லாம் அவ்வூர்ப் பெண்களைவிட நன்கறிந்தவர் யார்? கூட்டிக் கழுவியவர்கள் அவர்களே அல்லரோ? அந்த அறிவின் பயனாகத்தான் மரங்கள் வெட்டப்பட்டன. பறவை அபசகுனம் எனப்பட்டது.

பூர்ணிமா தேவி பர்மன் என்னும் ஆய்வாளர், கூட்டோடு மரம் வெட்டி வீழ்த்தப்பட்டதைக் கண்டு, தம் ஆராய்ச்சிப் பட்டத்தைச் சிறிது காலம் ஒத்திவைத்துவிட்டு இவ்வூர்களில் பணியாற்றத் தொடங்கினார். அவர் ஹர்கிலாவைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருக்கவில்லை. அஸ்ஸாமியர் சூலுற்ற பெண்ணுக்குச் செய்யும் சடங்கு ஒன்று உண்டு. அதற்குப் ‘பஞ்சாமிர்தம்’ என்று பெயர். நமக்குப் பழநி நினைவுக்கு வரும்; அங்கே அது வளைகாப்பு. முட்டையிடும் பருவத்தில் ஹர்கிலாவுக்கும் அந்தச் சடங்கைப் பெண்களைக் கொண்டே நடத்தினார். மேகலா சாதரில் நாரையின் உருவத்தை நெய்து விற்கும் வழியையும் வகுத்தார். முற்றத்தைக் கழுவுகிறவள் தாய். கூட்டில் இருப்பவளும் தாய் என்ற எண்ணம் ஊன்றியது. கூட்டின் அடியில் வலை விரித்து, விழும் குஞ்சுகளைக் காத்தார்கள். ஒரு காலத்தில் 28-ஆக இருந்த கூடுகள் 250-க்கும் மேலாகப் பெருகின. ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு 2022-இல் அவருக்குப் ‘புவியின் காவலர்’ விருதை அளித்தது. நாற்றம் இன்றும் அதே நாற்றந்தான். அதைப் பற்றிப் பெண்கள் அறிந்ததிலும் மாற்றம் ஒன்றுமில்லை. அந்தப் பறவையின் பொருட்டு அவர்களுக்கு ஊரில் ஓர் இடமும் கைக்கு ஒரு தொழிலும் வாய்த்தன. மனப்பான்மை மாறியது அதனாலேயே.

நம் நாட்டிலேயே இதன் பழைய உருவம் ஒன்று உண்டு. செங்கற்பட்டை அடுத்த வேடந்தாங்கலில் ஏரியின் மரங்களில் கூடும் பறவைகளின் எச்சம் நீரில் கலக்கிறது. அந்நீர் பாயும் வயல் செழிக்கிறது என்பதை உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையைச் சாசனமாகவே பெற்றார்கள். இங்கே அறிவு இருந்தது. அறிவினால் பயனும் இருந்தது. தடுக்கும் உரிமையும் எழுத்தில் இருந்தது. பரத்பூரில் முதலாவது மட்டும் இருந்தது; மற்ற இரண்டும் ஒரே ஆணையில் பறிபோயின.

பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர் நிலை இவ்விரண்டுக்கும் புறம்பானது. வந்த ஊரின் பெயர் தெரியும், பேருந்து எண் தெரியும், மரத்தின் பெயர் தெரியாது. கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும் தமிழர்கள் பலருக்கு, அதில் ஒரு பகுதி நகரின் கழிவு நீர் பாயும் கிழக்குச் சதுப்பு நிலத்து வயல்களில் விளைந்தது என்பது செய்தியாகவே இருக்கும். சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த நிலத்தில் ‘பேரி’ எனப்படும் குளங்களில் கழிவு நீரை வெயிலில் தேக்கி, தெளியவிட்டு மீன் வளர்க்கும் முறையை வகுத்தவர்கள் அங்குள்ள மீனவர்களே. நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே அது எப்போது மீனுக்கு ஏற்றதாகும் என்று கணிப்பார்கள். பொறியியலாளர் துருவஜோதி கோஷ் அவர்களிடம் போய்க் கேட்டுக் கற்று, அதனை உலகுக்கு எடுத்துரைத்தார். 2002-இல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இன்றும் அதன் விளிம்பில் கட்டடங்கள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் வீடு வாங்குவோருள் நம்மவரும் இருக்கலாம். வாங்குமுன் அவ்விடத்தில் முன்பு என்ன இருந்தது என்று பக்கத்துக் குளத்து மீனவரைக் கேட்பது செலவற்ற காரியம்.

தில்லி நேயர்களுக்கு இன்னும் எளிய வாய்ப்பு இருக்கிறது. ரிட்ஜ் எனப்படும் பாறைமேட்டுக் காட்டில் காலையில் உலவுவோர், அங்கே எங்கும் பரந்துள்ள முள்மரத்தைக் கண்டிருப்பார்கள். ஊரார் அதை ‘விலாயதி கீக்கர்’ என்பர். ‘விலாயதி’ என்றால் சீமையிலிருந்து வந்தது. ‘கீக்கர்’ என்றால் கருவேல். இராமநாதபுரத்திலிருந்து வந்தவர் எவரேனும் உடன் நடந்தால், அவரைக் கேளுங்கள். அது சீமைக் கருவேல் என்பதையும், அதன் கீழ் வேறு செடி தழைப்பது அரிது என்பதையும், வேரோடு எடுக்காவிட்டால் மீண்டும் துளிர்க்கும் என்பதையும், மானாவாரி பொய்த்த ஆண்டுகளில் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ குடும்பங்கள் அடுப்பு மூட்டின என்பதையும் சேர்த்தே சொல்வார். அம்மரத்தை ஒழிக்க வேண்டுமா, விட்டுவைக்க வேண்டுமா என்று அவரிடம் வினாத்தாளை நீட்டினால், இரண்டு கட்டத்தில் எதில் குறியிடுவது என்று அவர் சற்று நேரம் யோசிப்பார்.